மரியாதை விகுதி

மொழிப் பள்ளி ஆபீஸ் நடை. டோக்கன் சீட்டுல அறுபத்துநாலு. சுவத்துப் பெட்டியில சிவப்பா நாப்பத்தொண்ணு எரியுது. நடுவுல இருவத்திரண்டு பேரு, அதுவரைக்கும் எனக்கு அவகாசம். மடியில பாரம். இந்தக் காகிதத்துக்கு எவன் பாரம்னு பேரு வச்சானோ அவன் அனுபவஸ்தன். ஒரே ஒரு தாள், என்னா கனம் கனக்கு. பேரு, பிறந்த தேதி, விலாசம் எல்லாம் எழுதியாச்சு. கடைசியில ரெண்டு கட்டம் கெடக்கு. இடப்பக்கம் வகுப்பறை, வலப்பக்கம் ஆன்லைன். ஒண்ணுல டிக் அடிக்கணும். பதினெட்டு வருசத்துல எத்தன லட்சம் டிக் அடிச்சிருப்பேன், சிவப்பு மையில, பஸ்ஸுல வரும்போது, சம்மணம் போட்டு உக்காந்து, டீ குடிச்சுக்கிட்டே. ஒண்ணுக்குக்கூட இவ்வளவு நேரம் பேனாவத் தூக்கிப் பிடிச்சதில்ல. வலப்பக்கம் அடிச்சா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, ஜெர்மன் ரெண்டாம் படிக்கு ஆன்லைன்ல நேரா சேந்துக்கிடலாம். இடப்பக்கம் அடிச்சா ஒண்ணாம் படி முடிச்ச சான்றிதழக் காட்டுன்னு கேப்பாங்க, இல்லேன்னா ஒண்ணுலேர்ந்து ஆரம்பின்னுவாங்க. எங்கிட்ட அந்தச் சான்றிதழ் இல்ல. இல்லைங்கிறது எம் பொண்டாட்டி ஹெப்சிக்குத் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். இத ஒரு வரியில சொல்லிட்டேன், அஞ்சு மாசமா சொல்ல முடியல.

காலையில அஞ்சரைக்கு அவ டூட்டிக்குக் கிளம்பும்போது நான் முழிச்சுத்தான் கெடந்தேன். கண்ணத் தொறக்கல. சட்டைய இஸ்திரி போட்டு நாற்காலி மேல விரிச்சு வச்சா, அந்தத் துணிச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கதவுகிட்ட நின்னு, "ஏங்க, முழிச்சிருக்கியளா? வகுப்போ ஆன்லைனோ, ஒங்களுக்கு எது தோதோ அதுல சேருங்க. வெவரம் கேட்டு மெதுவா செய்யுங்க, என்ன" ன்னா. "ம்" ன்னேன். பதினோரு வருச தாம்பத்தியத்துல நான் அதிகமா சொன்ன வார்த்தை அதுவாத்தான் இருக்கும். அவ பூட்ஸ மாட்டிக்கிட்டு அந்தக் குளிர்ல போயிட்டா. ஜெர்மனியில இந்த காஸல் ஊருல பிப்ரவரி மாசம் அஞ்சரை மணின்னா நம்மூரு நடுச்சாமம். ஆஸ்பத்திரியில முப்பது நோயாளிக்கு அவ நர்ஸு, வீட்டுல ரெண்டு பேருக்கு. எங்க மக ஜெமிக்கு ஏழு வயசு, அவள விடு. இன்னொரு நோயாளி நான். வார்டுல எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கா, எங்க வீட்டுக்காரவ இங்கிலீஷ் சாரு, ஊர்ல பதினெட்டு வருசம் சர்வீஸு, இங்க வந்து ஜெர்மன் ஏ ஒண்ணு முடிச்சிட்டாவ, இனி ரெண்டு. ஜெமி பள்ளிக்கூடத்துல மதியத்துக்கு மேல பிள்ளைகளப் பாத்துக்கிட ஆள் வேணுமாம், ரெண்டாம் படி முடிச்சா எடுத்துக்கிடுவாங்களாம், அதுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கா. அவ வாயால சொன்னது அத்தனையும் எம் பொய். பாவம், அவ நாக்குல என் பொய் உக்காந்து ஊர் சுத்துது.

நாப்பத்தஞ்சு. எதிர்க்க நடையச் சூடாக்குற ஒரு வெந்நீர்க் குழாய்ப் பெட்டி உஸ்ஸுன்னு மூச்சு விடுது. அது பக்கத்துல காப்பி மிசினு. எல்லார் கோட்டும் நனைஞ்சு, நாய் நனைஞ்சா வருமே அந்த வாடை. இதே மாடிதான். இதே நடை. அந்தக் கடைசிக் கதவு, நீலக் கதவு, அதுக்குள்ளதான் போன செப்டம்பர்ல மூணே மூணு நாள் படிச்சேன். அந்தக் கதவப் பாக்கக் கூடாதுன்னுதான் இந்தப் பக்கமா திரும்பி உக்காந்திருக்கேன், பிடரியில அது தெரியுது. மொத நாள் உள்ள நுழைஞ்சதும் நான் தேடினது கடைசி பெஞ்ச. இல்ல. மேசைய வளைச்சு லாடம் மாதிரி போட்டிருக்கு, யாரு எங்க உக்காந்தாலும் எல்லார் மூஞ்சியும் எல்லாருக்கும் தெரியும். பதினெட்டு வருசம் கரும்பலகை பக்கம் நின்னவனுக்கு இந்தப் பக்கம் உக்காந்தா முழங்கால எங்க வைக்கன்னு தெரியல. டீச்சர் வந்துச்சு. பேரு லேனா. இருவத்தாறு வயசு இருக்கும், காதுல நாலு வளையம். வந்ததும் சொல்லிச்சு, இங்க நாம எல்லாரும் டு. டுன்னா நீ. ஸீன்னா நீங்க. வெளிய கடையில, ஆபீஸ்ல ஸீ போடணும், இந்த வகுப்புக்குள்ள எல்லாரும் எல்லாரையும் டு தான். நான் அது மூஞ்சியப் பாத்து டு சொல்லணும், அது என் மூஞ்சியப் பாத்து டு சொல்லும். துரைசிங், டு. எனக்கு சுருக்குன்னுச்சு. ஹெட்மாஸ்டர் கூட என்ன நீன்னு கூப்புட்டது கெடையாது. எங்க பக்கத்துல ரெண்டு ஆம்பளைங்க பேசிக்கிட்டா நடுவாந்திரமா நீருன்னு ஒண்ணு இருக்கு, என்னவே, நீரு எங்க போறீருன்னு, அதையாவது சொல்லிருக்கலாம். அந்த பாஷையில அந்த நடுப்படியே இல்ல.

அன்னைக்கு நாற்காலிக்கு என்ன சொல்லன்னு கேட்டுச்சு. ஷ்டூல். நம்ம ஸ்டூலுதான், லேசுதான்னு கையத் தூக்கிட்டேன், வாத்தியார் புத்தி. எழுந்து நின்னேன். எழுந்து நின்னது நான் ஒருத்தன் தான், அங்க யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. "இஷ்டூல்" ன்னேன். லேனா சிரிக்கல. மெதுவா, "ஷ்டூல்" ன்னு சொல்லிட்டு என் வாயப் பாத்துச்சு. "இஷ்டூல்." மறுபடியும் அந்த இ. பல்லுக்கு முன்னால வந்து நிக்கு, போன்னா போக மாட்டேங்கு. தெருவுக்கு ஷ்ட்ராஸெ, எனக்கு இஷ்ட்ராஸெ. நகரத்துக்கு ஷ்டாட், எனக்கு இஷ்டாட். எனக்குக் காது நல்லா கேக்கும், அதான் கஷ்டம், தப்பா சொல்லுதோம்னு தெரியுது. லேனா பரவாயில்ல, நல்லா வருதுன்னுட்டு அடுத்த ஆளுகிட்ட போயிட்டு. திட்டிருந்தாக்கூட தேவலை. நான் உக்காந்தேன், உக்காந்ததும் முதுகுக்குப் பின்னால யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாக்க வேண்டியதில்ல. இசக்கியம்மாள்தான்.

ஒம்பதாங் கிளாஸ் பி பிரிவு, ஜன்னல் ஓரம், மூணாவது பெஞ்சு. ரெட்டைச் சடை, ஒரு சடையில ரிப்பன் இருக்கும் இன்னொண்ணுல இருக்காது. நல்லா எழுதுவா, வாசிக்கச் சொன்னாத்தான் இஸ்கூல், இஸ்டோன், இஸ்ட்ரீட். "இ எங்கருந்துட்டி வந்துச்சு? உங்க அப்பன் வீட்டுச் சொத்தா? எழுந்து நில்லு. பெஞ்சு மேல ஏறு." ஏறினா. "பத்து தடவ சொல்லு." அவ சொல்லச் சொல்ல கிளாஸே கூடச் சேர்ந்து சொல்லுது, இஸ்கூல், இஸ்கூல்னு, மேசையத் தட்டி. நான் அவங்கள நிறுத்தல. அதத்தான் இப்ப நெனைக்கேன், நிறுத்தல. சிரிச்சேன். நல்லா இருக்குன்னு சிரிச்சேன், அன்னைக்கு ஸ்டாப் ரூம்ல போயி வேற சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அந்தப் பிள்ளை என் கிளாஸ்ல வாயே தொறக்கல. வருசம் முழுக்க. வாசிக்கச் சொன்னா எழுந்து நிப்பா, புத்தகத்தப் பாத்துக்கிட்டே நிப்பா, நான் உக்காருன்னுவேன். பாஸாகிப் போயிட்டா. இப்ப எங்க இருக்காளோ, கல்யாணமாகி அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கும். பதினெட்டு வருசத்துல எத்தனையோ பிள்ளைக கையெழுத்து ஞாபகம் இருக்கு எனக்கு, ஒத்த நாற்காலியச் சொல்லப் போயி ஞாபகம் வந்தது அவ பேரு. அன்னைக்கு ஏன் சிரிச்சேன்? ஊருக்குத்தான் உபதேசம்னு ஒரு பழமொழி இருக்கே, அத நானே கரும்பலகையில எழுதி இங்கிலீஷ்ல மொழிபெயர்க்கச் சொல்லிருக்கேன், பிள்ளைகளும் சொல்லிருக்கு.

நாப்பத்தொம்பது. இல்ல, இ சொன்னதுக்காக நான் ஓடல. அதத் தாங்கிக்கிட்டேன். ஓடினது மூணாம் நாளு. புருசன் பொண்டாட்டி காலையில பேசிக்கிற மாதிரி ஒரு உரையாடல் எழுதச் சொல்லிச்சு லேனா. எனக்கு சந்தோசம், எழுத்துன்னா நாம விடுவமா. நாலு வரி, இலக்கணத்துல ஒரு பிழை கெடையாது, வினைச்சொல்லு அது அது எடத்துல நிக்கு. புருசன் சொல்லுதான், காப்பி எங்க, நீ எப்ப வருவ. பொண்டாட்டி சொல்லுதா, நீங்க சாப்ட்டீங்களா, நீங்க மருந்து எடுத்தீங்களா. புருசன் வாயில டு, பொண்டாட்டி வாயில ஸீ. நம்ம வீட்டுல எப்படியோ அப்படியே எழுதிட்டேன், யோசிக்கக்கூட இல்ல. லேனா என் தாள எடுத்து சத்தமா வாசிக்க ஆரம்பிச்சு, ரெண்டாவது வரியில நின்னுச்சு. திருப்பியும் வாசிச்சுச்சு. "துரைசிங், உன் மனைவி உன்ன ஸீன்னா கூப்பிடுதாங்க?" "யா" ன்னேன், ஆமான்னு. பக்கத்துல நாதியான்னு ஒரு பொம்பள, சிரியாவுலேர்ந்து வந்தவங்க, அது குபுக்குன்னு சிரிச்சுட்டு. பிறகு எல்லாரும். கெட்ட சிரிப்பு இல்ல, ஒரு பொண்டாட்டி புருசன போலீஸ்காரன் மாதிரி கூப்பிடுதாளேன்னு சிரிப்பு. எனக்குக் காது மடல் சுட்டுச்சு. வெளக்கணுமே. தெரிஞ்ச வார்த்தையத் தேடித் தேடி, "ரெஸ்பெக்ட்" ன்னேன். மரியாதை. லேனா தலைய ஆட்டிச்சு, புரிஞ்சுச்சுன்னு. அப்புறம் தாளப் பாத்துச்சு. "நீ அவங்கள டுன்னு சொல்லுத?" "யா." "கைன் ரெஸ்பெக்ட்?" மரியாதை இல்லையா? கிண்டலுக்குக் கேக்கல. சின்னப் பிள்ளை கேக்குமே, இது ஏன் இப்படி இருக்குன்னு, அப்படித்தான் கேட்டுச்சு. எனக்குப் பதில் சொல்ல ஜெர்மன் இல்லைன்னு எல்லாரும் நெனைச்சிருப்பாங்க. எனக்கு அந்தப் பதில் தமிழ்லயும் இல்ல.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல எனக்குக் காது ரெண்டும் வேற ஆளோட காதாப் போயிட்டு. ஹெப்சி பத்து மணி நேரம் நின்னுட்டு வாரா. கணுக்கால் வீங்கியிருக்கு. வந்ததும், "சாப்ட்டியளா?" அப்புறம், "வகுப்பு எப்படி போச்சுங்க?" நான் சோபாவுல கெடக்கேன். "ஏ, அந்த சார்ஜர எடு." இது யாரு குரலுன்னு நானே பாத்தேன். "கதவ மூடு. டீ போடு. என்னட்டி இவ்வளவு நேரம்?" சொல்லணும்னு சொல்லல, வாயி அதும்பாட்டுக்குச் சொல்லுது, பதினோரு வருசமா பழக்கப்பட்ட மாடு தானா தொழுவத்துக்குப் போற மாதிரி. எங்க அப்பா எங்க அம்மாவ அப்படித்தான் கூப்புட்டாரு, ஊரே அப்படித்தான், அதுல ஒரு பிரியம் இருக்குன்னு நான் வாதம் பண்ணலாம். பண்ணினேன், என்கிட்டயே, சோபாவுல படுத்துக்கிட்டு. பிரியம்னா அவளும் நீன்னு சொல்லிருக்கணுமே. பிரியம் ஒரு பக்கமாத்தான் நடக்குமா? ஜெபத்துல கடவுள நீருன்னு சொல்லுதோம். இங்க கோயில்ல ஜெர்மன்காரன் கடவுள டுன்னு கூப்பிடுதான், கண்ண மூடிக்கிட்டு, நெஞ்சு உருகி. அதக் கேட்டப்போ மொதல்ல திக்குன்னு இருந்துச்சு. கடவுளுக்கு டு, புருசனுக்கு ஸீ. எங்க வீட்டுல ஆண்டவருக்கு மேல ஒருத்தன் உக்காந்திருக்கான், சோபாவுல கால நீட்டிக்கிட்டு. இத மறுநாள் அந்த லாட மேசையில போயி எல்லார் மூஞ்சியும் தெரிய உக்காந்து எப்படிச் சொல்ல. நாலாம் நாள் பஸ் ஏறினேன், இந்தப் பள்ளி நிறுத்தத்துல இறங்கல. கடைசி ஸ்டாப் வரைக்கும் போயி அதே பஸ்ஸுல திரும்பி வந்தேன்.

பிறகு பொய்யு. அது தன்னால வளருமே, பாத்தி கட்ட வேண்டாம், தண்ணி ஊத்த வேண்டாம். வகுப்ப ஆன்லைனுக்கு மாத்திட்டாங்கன்னேன். ஹெப்சி ஒண்ணும் கேக்கல, "அதுவும் நல்லதுதாங்க, அலைச்சல் இல்ல" ன்னா. படுக்கையறை மேசையச் சுத்தப்படுத்தி, பின்னால துணி தெரியாம இருக்க ஒரு திரை கட்டிக் கொடுத்தா. கெட்டிக்காரி. செவ்வாய், வியாழன், ஆறு மணி. நான் கதவச் சாத்திக்கிட்டு, காதுல மாட்டிக்கிட்டு, வெறும் கம்ப்யூட்டர் திரை முன்னால உக்காருவேன். வெளிய அவளுக்குக் கேக்கணுமேன்னு நடுநடுவுல "யா, யா, கெனாவ்" ன்னுவேன். சரி, சரி, அதேதான். யாருக்கு? சில நாள் கேள்வி கேக்குற மாதிரிகூட இழுப்பேன். பிழையில்லாத ஜெர்மன்ல நான் பேசினது அந்த வெறுஞ் சுவத்துகிட்டதான், அங்க இ கூட வரல. ஒரு மணி நேரம் கழிச்சு களைப்பா இருக்குற மாதிரி நெத்தியத் தேச்சுக்கிட்டு வெளிய வருவேன், அவ டீ போட்டு வச்சிருப்பா. அந்த டீய நான் குடிச்சேன். மடமடன்னு குடிச்சேன். நாலு மாசம் குடிச்சேன்.

அம்பத்தாறு. எம் பக்கத்துல இருந்த கிழவர் எழுந்து போறாரு, குடைய மறந்துட்டு, நான் எடுத்துக் கொடுத்தேன், "டாங்கெ" ன்னு நன்றி சொன்னாரு, "பிட்டெ" ன்னேன். பாரு, இது வருது. இத விடப் பெரிசா ஒண்ணு இருக்கு, அத விட்டுட்டு மத்ததெல்லாம் நெனைச்சுக்கிட்டு இருக்கேன், தும்ப விட்டுட்டு வாலப் பிடிக்கிறவன். ஜெமி. நவம்பர் மாசம் ஒருநாள் கதவத் தட்டாம தொறந்துட்டா, பென்சில் சீவணும்னு. நான் திரையப் பாத்து யா யான்னுக்கிட்டிருக்கேன். திரையில ஆளே இல்ல. வீட்டுப் படம், கடற்கரையில ஹெப்சியும் அவளும் நிக்கிற படம், அதான் இருக்கு. "அப்பா, யார்ட்ட பேசுதிய?" ன்னா. அம்மாகிட்டேர்ந்து தொத்தின பேச்சு, எனக்கு அவளும் மரியாதை. நான் என்ன செஞ்சிருக்கணும்? சிரிச்சு, மாட்டிக்கிட்டேன் பாத்தியாட்டின்னு தூக்கிக்கிட்டு நேரா அடுக்களைக்குப் போயிருக்கணும். நான் விரல உதட்டுல வச்சேன். அவ அம்மா இருக்கிற பக்கம் பாத்துட்டு, கண்ண அகட்டி, தலைய ஆட்டினா, விளையாட்டுன்னு நெனைச்சா. பென்சிலச் சீவிக் கொடுத்தேன். அடுத்த வியாழக்கிழமை ஹெப்சி என்னமோ கேக்க வந்தப்ப வெளிய அவ குரலு கேக்குது, "அம்மா போகாதிய, அப்பா கிளாஸ்ல இருக்காவ." காவலுக்கு நின்னுருக்கா. ஏழு வயசு. எம் பொய்க்கு வாசல்ல நின்னுருக்கா. அன்னைக்குக் காதுல மாட்டினதக் கழத்தி வச்சுட்டு சும்மா உக்காந்திருந்தேன், எழுந்து வெளிய போயி மூஞ்சியக் காட்ட முடியல. இப்ப ஹெப்சி வகுப்பு பத்தி பேச்செடுத்தா ஜெமி தட்டப் பாத்துக்கிட்டு சாப்புடுதா. அது விளையாட்டு இல்லைன்னு அவளுக்கு எப்பவோ தெரிஞ்சு போச்சு.

வலப்பக்கக் கட்டம். அடிச்சிட்டா முடிஞ்சது. ஒரு வேளை உண்மையாவே படிச்சிருவேன். ரெண்டாம் படி கஷ்டம்தான், நான் ராத்திரி பகலா உக்காந்து ஒண்ணையும் சேத்துப் பிடிச்சிருவேன், படிப்பு எனக்குப் புதுசா. கேமராவ அணைச்சு வச்சுக்கிட்டா இவ்வளவு பேரு மூஞ்சியும் வேண்டாம். எத்தன பேரு ஆன்லைன்ல படிச்சுத் தேறி வேலைக்குப் போறான், அதுல என்ன குத்தம், அது ஒரு வழிதானே. வழிதான். குத்தம் வழியில இல்லவே துரைசிங். நீரு அந்தக் கட்டத்த அடிச்சீருன்னா ஜெமி மறுபடியும் வாசல்ல நிக்கணும். பேனாவ மூடித் தொறந்து மூடித் தொறந்து, மை விரல்ல பட்டுட்டு.

போன் அதிருது. ஹெப்சி. பத்து மணி இடைவேளையா இருக்கும், ரொட்டியக் கையில வச்சுக்கிட்டுத்தான் கூப்புடுவா. எடுத்தேன். என்ன நெனைச்சேன்னு தெரியல, வாயி தொறந்துச்சு, "நீங்க சாப்ட்டீங்களா?" ன்னேன். "ஏங்க, யாரு பக்கத்துல நிக்கா? யார்ட்ட கேக்கிய?" "ஒங்கிட்ட... உங்ககிட்டத்தான்." "என்ன செய்யுது ஒங்களுக்கு? தலை சுத்துதா? தண்ணி குடிச்சியளா?" பாரு, மரியாதையாக் கூப்புட்டா நோயின்னு நெனைக்கா. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, சத்தமாவே சிரிச்சுட்டேன். நடையில இருக்கவங்க பாக்காங்க. சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டேன். "ஹெப்சி, நான் ஏ ஒண்ணு முடிக்கல. ஆன்லைன்ல கிளாஸே இல்ல. மூணு நாளுதான் போனேன். ஜெமிக்குத் தெரியும், அவளத் திட்டாத, நான்தான் சொல்லக் கூடாதுன்னேன்." இவ்வளவும் ஒரே மூச்சுல சொன்னேன், ஒப்பிக்கிற பையன் மாதிரி. அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம். யாரோ ஜெர்மன்ல சிரிக்காங்க. பிறகு ஹெப்சி மெதுவா, "ஏன் சொல்லல?" ன்னா.

ஏன் சொல்லல. அதுல நீயும் இல்ல, நீங்களும் இல்ல. சொன்னியா, சொன்னீங்களான்னு கேட்டா தெரிஞ்சு போகும், சொல்லலன்னா தெரியாது, நம்ம பாஷையில இல்லைங்கிற வார்த்தைக்கு மரியாதையும் கெடையாது, மரியாதைக் குறைவும் கெடையாது, யாருக்கும் ஒண்ணுதான். பதினெட்டு வருசம் இங்கிலீஷ் இலக்கணம் நடத்தினவன் இதக் கவனிச்சதில்ல. நான் காதுல போன அழுத்திக்கிட்டு அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தேன், அதுலயாவது தெரியுமேன்னு. அவ என்னமோ ஆரம்பிச்சா. வார்டுல மணி அடிச்சுட்டு. யாரோ அவள "ஹெப்சிபா" ன்னு கூப்புட்டாங்க. போன் கட்டாயிட்டு. மேல அறுபத்துநாலு எரியுது. எப்ப வந்துச்சுன்னு தெரியல, அது ரெண்டு தடவ மினுக்கிட்டு நிக்குது.

உள்ள ஒரு அம்மா, கண்ணாடிய மூக்கு நுனியில வச்சுக்கிட்டு. எனக்கு ஸீ போட்டுத்தான் பேசினாங்க, உக்காருங்க, பாரத்தக் கொடுங்க. ரெண்டு கட்டமும் காலியா கெடக்கிறதப் பாத்து என்னப் பாத்தாங்க. முன்னால ஜெர்மன் படிச்சிருக்கீங்களான்னு கேட்டாங்க. மூணு நாளு ஒரு படிப்பா. வெறுந்திரைகிட்ட யா யான்னது ஒரு படிப்பா. "நைன்" ன்னேன். இல்ல. அந்த அம்மா கம்ப்யூட்டர்ல தட்டினாங்க, இல்லைன்னு என்னப் பத்தி எழுதியாச்சு. என்ன வேல பாத்தீங்கன்னு கேட்டாங்க. "லேரர்" ன்னேன், வாத்தியார். தலையத் தூக்கி ஒருக்கா பாத்துட்டுப் பழையபடி குனிஞ்சுக்கிட்டாங்க. "பிரேஸென்ஸ் ஓடர் ஆன்லைன்?" வகுப்பா, ஆன்லைனா. பிரேஸென்ஸ். நேர்ல இருக்கிறது. நான் பேரு கூப்புடக் கூப்புட, ஒம்பது பி-யில அத்தனை பேரும் எழுந்து சொல்லுவாங்களே, பிரசன்ட் சார், பிரசன்ட் சார். இசக்கியம்மாள் அந்த ஒத்த வார்த்தைய மட்டும் வருசம் முழுக்கச் சொன்னா. அதுக்கு முன்னால இ வராது. "பிரேஸென்ஸ்" ன்னேன். அந்த அம்மாவுக்குக் கேக்கல, "வீ பிட்டெ?" ன்னாங்க, என்ன சொன்னீங்கன்னு. சத்தமா சொன்னேன். கதவு தொறந்து கெடந்துச்சு, நடையில எல்லாருக்கும் கேட்டிருக்கும். திங்கக்கிழமை ஒம்பது மணி, நீலக் கதவு, டீச்சர் லேனான்னு தாளுல வட்டம் போட்டுக் கொடுத்தாங்க. வேற டீச்சர் இல்லையான்னு கேக்க வாயெடுத்தேன். கேக்கல.

படியிறங்கி வெளிய வந்தா மழைத் தூத்தல். நிறுத்தத்துல நிக்கேன். தாள சட்டைக்குள்ள வச்சிருக்கேன், இஸ்திரி போட்ட சட்டை, அதுக்கு இஸ்திரி போட்ட கை இப்ப என்ன செய்யுதோ. தினம் பதினொண்ணு மணிக்கு ஒரு மெசேஜ் வரும் அவகிட்டேர்ந்து, காய் வாங்கிட்டு வாங்க, ஜெமிய நாலு மணிக்குக் கூப்புட மறந்திராதிய. இன்னைக்கு வராதுன்னு நெனைச்சேன். வந்துச்சு. "பால் தீந்துட்டு. வாங்கிட்டு வா." நான் ரெண்டு தடவ படிச்சேன். கண்ணாடியத் தொடச்சுட்டு மூணாவது தடவயும் படிச்சேன். வா. அவசரத்துல விட்டுப் போச்சா, கோவமா, இல்ல வேற எதாச்சுமா. கீழ டைப்பிங்னு காட்டுது. நிக்குது. மறுபடி காட்டுது. அந்த "ங்க", ரெண்டே எழுத்து, வருமான்னு பாத்துக்கிட்டே நிக்கேன். பஸ் வந்துச்சு, கதவு தொறந்துச்சு, டிரைவர் என்னப் பாத்தாரு, நான் ஏறல, கதவு மூடிட்டு. டைப்பிங் நின்னுட்டு. ஒண்ணும் வரல. நான் நடந்து போயி பால் வாங்கினேன்.